தாருஸ்ஸலாமில் இறங்கியதும்

(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் பிரிவுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசினா போதும் சார்" என்று சொல்லித்தான் நமது செயலாளர் என்னை அழைத்தார். முப்பத்தைந்து வருடம் வங்கிக் கவுண்டரில் பேச்சைக் குறைத்து, எண்ணிக்கையைக் கவனித்தே பழகியவன் நான். அப்படிப்பட்டவனிடம் ஓய்வு பெற்ற பிறகு மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்த நாளிலிருந்து லிஃப்டில் பார்க்கிற எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "ஆப்பிரிக்கா எப்படி இருந்தது?" நம் லிஃப்ட் எவ்வளவு மெதுவாகப் போனாலும் ஏழாவது மாடி வருவதற்குள் அதற்குப் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஆப்பிரிக்காவைப் பார்க்கவில்லை. ஐம்பத்து நான்கு நாடுகளில் ஒரு நாட்டில், ஒரே ஓர் ஊரைப் பார்த்தேன். அதிலும் பாதிதான். தான்சானியா நாட்டின் டார் எஸ் சலாம். நம் தமிழ் முஸ்லிம் நண்பர்கள் சரியாகச் சொல்வார்கள், தாருஸ்ஸலாம். அமைதியின் இல்லம் என்று பொருள். 1860-களில் ஸான்சிபார் சுல்தான் மஜீத் என்பவர் ஒரு சிறிய மீனவக் கிராமத்தின் பக்கத்தில் கட்ட ஆரம்பித்த ஊர். இன்றைக்கு 2022 கணக்கெடுப்பின்படி 53 லட்சம் பேருக்கு மேல். தலைநகரம் அதுவல்ல, உள்நாட்டில் இருக்கும் டொடோமா. ஆனால் துறைமுகம், வியாபாரம், வங்கிகள் எல்லாம் இங்கேதான்.

என் மகன் அங்கே ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறான். மருமகளுக்குப் பிரசவம் என்று நானும் என் மனைவியும் ஜூன் மாதம் போய் ஆகஸ்ட் கடைசியில் திரும்பினோம். பேத்தி நலம். மற்ற விவரம் வேண்டுபவர்கள் என் மனைவியிடம் கேட்கவும், புகைப்படங்களுடன் விளக்குவார்.

போவதற்கு முன்னால் வந்த அறிவுரைகளைத் தனிக் கணக்காகவே வைக்கலாம். தண்ணீர் கிடைக்காது என்றார் ஒருவர். அரிசி கிடைக்காது என்றார் இன்னொருவர். நகை போடாதீர்கள், வெளியே போகாதீர்கள், யாரிடமும் பேசாதீர்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட அந்தப் பக்கம் போனவர் இல்லை. போனவன் என் மகன். அவன் சொன்னது ஒன்றுதான்: "அப்பா, பிளாஸ்டிக் கேரி பேக்ல எதையும் கட்டி எடுத்துட்டு வராதீங்க." 2019 ஜூன் 1 முதல் அந்த நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் விமான நிலையத்திலேயே ஒப்படைத்துவிட வேண்டும். பருப்புப்பொடி, பிரசவ லேகியச் சாமான், நாரத்தங்காய் என்று எல்லாவற்றையும் என் மனைவி துணிப்பைக்கும் எவர்சில்வர் டப்பாவுக்கும் மாற்ற இரண்டு நாள் ஆயிற்று. அங்கே போய்ப் பார்த்தால் காய்கறிக்காரர் முதல் மருந்துக்கடை வரை துணி போன்ற ஒரு பைதான். அதற்குக் காசு. தெருவில் குப்பை இல்லை என்று சொல்ல மாட்டேன், இருக்கிறது. ஆனால் காற்றில் பறந்து வேப்பமரத்தில் மாட்டிக்கொண்டு படபடக்கும் அந்தப் பை மட்டும் கண்ணில் படவில்லை. நம் பின்பக்கச் சுவரை ஒட்டிய காலிமனையை நினைத்துக்கொண்டேன்.

வேப்பமரம் என்றேன் அல்லவா. நம் ஊரிலிருந்து கடல் கடந்து போன மரம். அங்கே அதன் பெயர் ம்வாரொபைனி. அரொபைனி என்றால் நாற்பது. நாற்பது நோய் தீர்க்கும் மரம் என்று வைத்திருக்கிறார்கள்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், எங்களுக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆனது. அந்த நெரிசலுக்கு அங்கே 'ஃபோலெனி' என்று பெயர். வரிசை என்று அர்த்தமாம். உண்மையில் வரிசையாகத்தான் நின்றார்கள், ஹார்ன் சத்தம் மிகக் குறைவு. வண்டிகளுக்கு நடுவே நடந்து விற்கிறார்கள். முந்திரி, தண்ணீர் பாட்டில், சட்டை ஹேங்கர், சுவர்க் கடிகாரம், ஒருவர் கையில் இஸ்திரி மேசை. நம்மைப் போலவே இடது பக்கம் ஓட்டுகிறார்கள். ஆட்டோக்கள் நிறைய. ஆட்டோவுக்கு சுவாஹிலி மொழியில் பெயரே 'பஜாஜி'. பாதி வண்டிகளின் நெற்றியில் நம் ஓசூர்க்காரர்களின் டிவிஎஸ் பெயர் எழுதியிருக்கிறது. அதையும் பஜாஜி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஓசூர்க்காரர்கள் கோபித்துக்கொண்டு பயனில்லை.

மறுநாள் விடியற்காலை முதலில் காதில் விழுந்தது பாங்கு ஓசை. அடுத்தது காக்கை. சந்தேகமே இல்லை, நம் வீட்டுக் காக்கை, கழுத்தில் சாம்பல் நிறம். கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தால் நம் பி பிளாக் என்றே நினைக்கலாம். கடலும் நம் பக்கம் போலவே கிழக்கில். சூரியன் கடலிலிருந்துதான் வருகிறது. ஜூன், ஜூலை அவர்களுக்குக் குளிர்காலம். குளிர்காலம் என்றால் நம் மார்கழி அளவு, மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் போதும். அந்தக் காக்கையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், அதற்கு ஒரு கதை இருக்கிறது.

என்னை முதல் வாரம் முழுக்க யோசிக்க வைத்தது கடிகாரம். நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால், அது சாதாரண விஷயம். ஆனால் அவர்கள் நாளை எண்ணுவது நள்ளிரவிலிருந்து அல்ல, விடியலிலிருந்து. காலை ஏழு மணிக்கு 'ஸா மோஜா', அதாவது ஒரு மணி. ஒன்பது மணிக்கு 'ஸா டாட்டு', மூன்று மணி. குழாய் ரிப்பேர்க்காரர் "நாளைக்கு மூன்று மணிக்கு வருகிறேன்" என்றால் காலை ஒன்பதுக்கு வாசலில் நிற்பார், நின்றார். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் வருடம் முழுக்க ஆறு, ஆறரைக்கு விடிகிறது. அதனால் இந்தக் கணக்கு அவர்களுக்குப் பிசகுவதில்லை. யோசித்துப் பார்த்தால் நமக்கு இது புதிதா? ஜாதகத்தில் உதயாதி நாழிகை என்று எழுதுகிறோமே, சூரிய உதயத்திலிருந்துதானே எண்ணுகிறோம். நாம் அதை ஜோசியரிடம் விட்டுவிட்டோம், அவர்கள் கையில் கட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது வாசல் காவலர். மகன் குடியிருப்பது உபாங்கா என்ற பகுதியில் ஐந்து மாடிக் கட்டடம், பத்து வீடுகள். வாசலில் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர். முதல் நாள் காலையில் நான் கீழே இறங்கியதும் எழுந்து நின்று, தலையைச் சற்றுத் தாழ்த்தி, "ஷிகமூ, ம்ஸே" என்றார். ம்ஸே என்றால் பெரியவர். ஷிகமூ என்பதற்கு, உங்கள் பாதங்களைப் பற்றுகிறேன் என்பது மூலப்பொருள் என்கிறார்கள். வயதில் மூத்தவர் யாராக இருந்தாலும் சொல்ல வேண்டும். அதற்கு மூத்தவர் "மரஹபா" என்று பதில் சொல்ல வேண்டும். அது ஆசீர்வாதம் மாதிரி. பதில் சொல்லாமல் போனால் அவருக்கு அது வெறும் மறதி அல்ல. மகன் இதை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருந்ததால் நான் மரஹபா என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இதோடு முடியவில்லை. ராத்திரி எப்படி, வீட்டில் எப்படி, வேலை எப்படி, குழந்தை எப்படி என்று நான்கைந்து விசாரிப்புகள் நடந்த பிறகுதான் "பஜாஜி கூப்பிட முடியுமா?" என்று கேட்கலாம். கடையிலும் அப்படித்தான். நேராகப் போய் "அரை கிலோ தக்காளி" என்றால் கொடுத்துவிடுவார்கள், ஆனால் முகம் கொடுக்க மாட்டார்கள். கவுண்டரில் நின்று "அடுத்தது, அடுத்தது" என்று முப்பத்தைந்து வருடம் சொன்னவனுக்கு இது பழக இரண்டு வாரம் பிடித்தது. இன்னொரு சொல் 'போலே'. உங்களுக்குச் சிரமம் என்று தெரிந்தால் போலே. கால் இடறினால் போலே. பயணத்திலிருந்து வந்தால் போலே. வேலை செய்துகொண்டிருப்பவரைத் தாண்டிப் போனால்கூட, உங்கள் வேலைக்குப் போலே என்று சொல்லிப் போகிறார்கள். இதற்குத் தமிழில் ஒற்றைச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. "பாவம், கஷ்டப்படுறீங்க" என்று நாம் சொன்னால் அதில் ஒரு படி மேலே நிற்கிற தொனி வந்துவிடுகிறது. போலேயில் அது இல்லை.

வீட்டு வேலைக்கு வரும் பெண்ணை 'தாதா' என்று கூப்பிடுகிறார்கள். அடியாள் தாதா இல்லை, பயப்படாதீர்கள். அக்கா என்று அர்த்தம். என் மனைவிக்கும் அந்தப் பெண்ணுக்கும் பொதுமொழி கிடையாது. ஆனால் மூன்றாம் நாள் அந்தப் பெண் குழிப்பணியாரச் சட்டி ஒன்றைக் கொண்டு வந்தாள். ஊறவைத்து அரைத்த அரிசி, தேங்காய்ப்பால், ஏலக்காய், சர்க்கரை. 'விடும்புவா' என்று பெயர், தெருவோரத்தில் காலை நேரத்தில் சுடச்சுட விற்கிறது. அதன் பிறகு இரண்டு பேரும் மொழியைப் பற்றிக் கவலைப்படவில்லை. தண்டுக்கீரை 'ம்சிச்சா' என்ற பெயரில் எங்கும் கிடைக்கிறது, தேங்காய்ப்பால் விட்டுச் சமைக்கிறார்கள். அரிசி கிடைக்காது என்று சொன்ன நண்பர் இங்கே உட்கார்ந்திருக்கிறார். அவருக்காகச் சொல்கிறேன், விதவிதமாகக் கிடைக்கிறது.

இனி நம் சங்கத்துக்குப் பிடித்த விஷயம்: மின்சாரமும் பணமும். அங்கே மின்சாரத்துக்கு மாதக் கடைசியில் பில் வருவதில்லை. 'லூக்கு' என்கிற முன்பணம் கட்டும் மீட்டர். கைபேசியில் பணம் கட்டினால் இருபது இலக்க எண் ஒன்று வரும். அதை மீட்டரில் தட்டினால் யூனிட் ஏறும். தீரப்போகும்போது மீட்டர் கீச்சிடும். அந்தச் சத்தம் கேட்டதும் மருமகள் பேத்தியை விட்டுவிட்டு மீட்டரைப் பார்க்க ஓடுவாள். பாக்கி என்ற பேச்சே கிடையாது, நோட்டீஸ் போர்டில் பெயர் ஒட்டும் சங்கடமும் கிடையாது. நம் பொருளாளர் பெருமூச்சு விடுவது தெரிகிறது. 2021-லிருந்து சொத்து வரியையும் இதே மீட்டர் வழியாகப் பிடிக்கிறார்கள். தொடக்கத்தில் சாதாரண வீட்டுக்கு மாதம் 1,000 ஷில்லிங், மாடிக் கட்டடம் என்றால் 5,000. வசூலிக்கிற கோணத்தில் பார்த்தால் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் மீட்டருக்குப் பணம் போடுகிறவர் குடியிருப்பவர், சொத்து வீட்டுக்காரருடையது. வாடகையில் கழித்துக்கொள்வது அவரவர் சாமர்த்தியம். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கைபேசிப் பணம் அங்கே நம் யூபிஐ-க்கு வெகுகாலம் முந்தியது. எம்-பெசா 2007-ல் கென்யாவில் ஆரம்பித்து, மறுவருடமே தான்சானியாவுக்கு வந்துவிட்டது. இதற்கு வங்கிக் கணக்கு தேவையில்லை என்பதுதான் முக்கிய வித்தியாசம். சிம் கார்டு போதும். தெருமுனைக்குத் தெருமுனை ஒரு குடை, ஒரு ஸ்டூல், 'வகாலா' என்று எழுதிய பலகை. ரொக்கத்தைக் கொடுத்தால் உங்கள் போனில் ஏற்றுவார், போனிலிருந்து மாற்றினால் ரொக்கம் தருவார். அரை மணி நேரம் ஒரு வகாலாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பெண், வயது முப்பது இருக்கலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பரிமாற்றத்தையும் கையால் எழுதி, ரொக்கம் ஒரு பக்கம், போனில் உள்ள இருப்பு ஒரு பக்கம், சாயங்காலம் இரண்டும் டேலி ஆக வேண்டும். நாங்கள் செய்த கேஷியர் வேலையேதான். எங்களுக்குக் கூண்டு இருந்தது, காவல்காரர் துப்பாக்கியோடு நின்றார், பத்து ரூபாய் குறைந்தாலும் கேட்க யூனியன் இருந்தது. அவளுக்குக் குடை.

பெசா என்பது வேறு ஒன்றுமில்லை, நம் பைசா. அங்கே பணத்துக்கே அதுதான் பெயர். கடைக்குப் பெயர் 'துக்கா', நம் துக்கான். இன்ஷூரன்ஸ் 'பீமா'. காசோலை 'ஹுண்டி'. லட்சம் 'லாக்கி'. வண்டி 'காரி'. ஜெர்மன்காரர்கள் அந்த நாட்டை ஆண்டபோது அடித்த நாணயத்துக்கே ரூபாய் என்றுதான் பெயர் வைத்தார்கள். 1904 வரை ஒரு ரூபாய்க்கு 64 பெசா. நம் பழைய காலணாக் கணக்கு அப்படியே. கடல் வாணிபம் செய்த குஜராத்திகளும் கச்சிகளும் கொண்டு போனது.

எங்கள் கீழ்வீட்டுப் பெரியவர் அப்படிப் போன குடும்பம். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அந்த ஊரிலேயே பிறந்தவர், அப்பாவும் அங்கே பிறந்தவர். அவருக்கு குஜராத்தி, சுவாஹிலி, ஆங்கிலம், இந்தி. வங்கியில் இன்கிரிமெண்டுக்காக நான் எழுதிப் பாஸ் செய்த இந்தித் தேர்வு முதன்முதலாக எனக்குப் பயன்பட்டது அவருடன்தான். சாயங்காலம் ஐந்து மணிக்கு, அதாவது அவர்கள் கணக்கில் பதினொன்றுக்கு, இருவரும் நடக்கப் போவோம்.

ஒருநாள் கிசுட்டு பக்கம் கூட்டிப்போனார். பழைய இந்தியர் பகுதி. கோயில்கள், மசூதிகள், இந்திரா காந்தி பெயரில் ஒரு தெரு. நம் காய்கறியெல்லாம் கிடைக்கும் சந்தை. பழைய இரண்டு மாடி, மூன்று மாடிக் கட்டடங்களின் நெற்றியில் கட்டிய வருடமும் கட்டியவர் குடும்பப் பெயரும் சுண்ணாம்பில் புடைத்து நிற்கின்றன. ஒன்றின் முன்னால் நின்று, "இது என் அப்பா கட்டியது" என்றார். இப்போது யாருடையது என்று கேட்டேன். "1971-லிருந்து சர்க்காருடையது."

விவரம் இதுதான். 1971 ஏப்ரலில் அந்த நாட்டில் ஒரு சட்டம் வந்தது. ஒரு லட்சம் ஷில்லிங்குக்கு மேல் மதிப்புள்ள, வாடகைக்கு விட்ட கட்டடங்கள் அரசுடைமை ஆயின. ஊருக்கு நடுவில் அப்படிப்பட்ட கட்டடங்களில் பெரும்பாலானவை இந்திய வம்சாவளியினருடையவை. இவருடைய அப்பா கீழே கடை, முதல் மாடியில் தான், இரண்டாம் மாடியில் இரண்டு வாடகைக் குடும்பம் என்று வைத்திருந்தார். சட்டம் வந்த பிறகு அதே முதல் மாடியில், அதே அறைகளில், அரசுக்கு மாதா மாதம் வாடகை கட்டிக் குடியிருந்தாராம். அண்ணன் தம்பிகள் மூன்று பேர் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்விட்டார்கள். ஏன் நீங்கள் போகவில்லை என்று கேட்டேன். "அங்கே போலே என்று யார் சொல்வார்கள்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் இது. அதே நாட்டில் 1967 பிப்ரவரியில், அரூஷா பிரகடனத்துக்கு மறுநாள், தனியார் வங்கிகளை எல்லாம் அரசு எடுத்துக்கொண்டது. இரண்டு வருடம் கழித்து 1969 ஜூலை 19-ல் நம் நாட்டில் 14 வங்கிகள் தேசியமயம். அந்தத் தேசியமயத்தால்தான் கிராமத்துக்குக் கிராமம் கிளை வந்தது, பி.காம். படித்த சாதாரண வீட்டுப் பையனுக்கு வேலை வந்தது, இன்றைக்குப் பென்ஷன் வருகிறது. நான் அதைக் கொண்டாடிப் பேசாத யூனியன் கூட்டம் இல்லை. அதே சொல் அவருக்கு அப்பாவின் வீட்டுக்கு வாடகைச் சீட்டு.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மறுநாள் வேறொரு வழியாக நடக்க வைத்தார். கிசுட்டுவிலிருந்து மேற்கே போனால் ம்னாஸி ம்மோஜா என்று ஒரு திறந்த மைதானம். ஒற்றைத் தென்னை என்று பொருள். அதைக் கடந்தால் கரியாக்கூ. வெள்ளைக்காரர் காலத்தில் ஊரை மூன்றாகப் பிரித்திருந்தார்கள். கடலோரத் தோட்ட வீடுகள் ஐரோப்பியருக்கு, நடு ஊர் இந்தியருக்கு, கரியாக்கூ ஆப்பிரிக்கருக்கு. நடுவில் இந்த மைதானத்தை வேண்டுமென்றே காலியாக விட்டார்கள். கரியாக்கூ என்ற பெயரே 'கேரியர் கோர்' என்பதன் மரூஉ. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்குச் சுமை தூக்கக் கொண்டுபோன ஆப்பிரிக்கர்களின் முகாம் அங்கே இருந்தது. இன்றைக்கு அந்த நாட்டிலேயே பரபரப்பான சந்தை அது. நம் ரங்கநாதன் தெருவைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

மைதானத்தின் நடுவில் நின்று பெரியவர் சொன்னார்: "சின்ன வயசில் நான் இதைத் தாண்டி அந்தப் பக்கம் போனதே இல்லை. போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. போக ஒரு வேலையும் இல்லை. வாடகை வசூலிக்க வந்தவர்கள் நாங்கள் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். எங்களுக்கு அவர்கள் பெயர்கூடத் தெரியாது." வீட்டை எடுத்துக்கொண்டது சரி என்று அவர் சொல்லவில்லை. இன்றைக்கும் அது தவறு என்றுதான் சொல்கிறார். ஆனால் எடுத்தபோது பக்கத்தில் வந்து நிற்க அந்த மைதானத்தைத் தாண்டி ஏன் ஒருவரும் வரவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நானும் தேசியமயத்தைப் பற்றி என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. எங்கள் நடை மட்டும் தினமும் தொடர்ந்தது.

இப்போது காக்கை. ஆடி அமாவாசை அன்று என் மனைவி வழக்கம்போல் பால்கனிச் சுவரில் ஒரு பிடி சாதம் வைத்தார். இங்கே காக்கையைக் கூப்பிட்டு ஒரு வாரமாக நாம் பால்கனியில் நின்றாலும் வராத நாள் உண்டு. அங்கே ஒரு நிமிடத்தில் இருபது, முப்பது. கீழே காவலர் கைதட்டி விரட்டுகிறார், பக்கத்து வீட்டு அம்மா கதவைச் சாத்துகிறார். பெரியவர் மேலே வந்து விளக்கினார். அந்தக் காக்கை ஆப்பிரிக்கப் பறவையே இல்லை. 1890-களில் குப்பையைத் தின்று ஊரைச் சுத்தம் செய்யும் என்று இந்தியாவிலிருந்து ஸான்சிபார் தீவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அங்கிருந்து கடற்கரை ஊர்களுக்குப் பரவி லட்சக்கணக்கில் பெருகி, உள்ளூர்க் குருவிகளின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது, கோழிக்குஞ்சைத் தூக்குகிறது. பொறி வைத்தும் விஷம் வைத்தும் பார்க்கிறார்கள், தீரவில்லை. "நம் ஆட்கள் வந்த அதே கப்பல் பாதைதான். அதற்கு மட்டும் யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை" என்றார் பெரியவர். சிரிப்பதா வேண்டாமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. என் மனைவி பதில் சொல்லாமல் உள்ளே போய் அவருக்குப் பாயசம் கொண்டுவந்தார்.

கடைசியாக ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நம் குடியிருப்பில் ஒரு வீட்டில் மகளுக்கு அந்த ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. "அனுப்பலாமா சார், உள்ளதைச் சொல்லுங்க" என்றார்கள். உள்ளதைச் சொல்கிறேன். பைக்கில் வந்து கைப்பையைப் பறிப்பது நடக்கிறது; சாலை ஓரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடக்கக்கூடாது, இருட்டிய பிறகு வண்டியில்தான் போக வேண்டும். மலேரியா உண்டு. கொசுவலை கட்டித்தான் படுக்க வேண்டும். காய்ச்சல் என்றால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை, "நாளைக்குப் பார்க்கலாம்" கூடாது. டெங்குவும் வந்து போகிற ஊர், 2019-ல் பெரிதாகவே பரவியது. குடிநீரைக் காய்ச்சாமல் குடிக்கக்கூடாது. என் மகன் அலுவலகத்தில் தனியாக வந்து வேலை பார்க்கும் இந்தியப் பெண்கள் இருவர் இருக்கிறார்கள். இருவரும் ஒரே குடியிருப்பில் வீடு எடுத்திருக்கிறார்கள், நிம்மதியாகத்தான் இருக்கிறார்கள்.

என் கவலை வேறு இடத்தில். வேலைக்கான அனுமதியும் தங்கும் அனுமதியும் நிறுவனம் முன்னாலேயே வாங்கிக் கொடுக்க வேண்டும். "சுற்றுலா விசாவில் வந்துவிடு, பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று சொன்னால் கிளம்பவே கூடாது. அந்த விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம், பெண்ணும் மாட்டிக்கொள்வாள். சம்பளம் டாலரிலா ஷில்லிங்கிலா, மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு, வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வர டிக்கெட் யார் கொடுப்பார்கள், இவை எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தால் நானும் ஒருமுறை படித்துப் பார்க்கிறேன். அடிக்குறிப்பைப் படிப்பது எங்களுக்கு வேலையாகவே இருந்தது.

சுவாஹிலிச் சொற்களை எழுதிவைத்த நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது, முப்பது பக்கம். கூடவே மிச்சம் 14,000 ஷில்லிங்: ஒரு பத்தாயிரம், இரண்டு இரண்டாயிரம். நம் பணத்துக்குச் சில நூறு ரூபாய்தான். இங்கே மூன்று இடத்தில் கேட்டுவிட்டேன், யாரும் மாற்றித் தர மாட்டேன் என்கிறார்கள். அந்தப் பெண் போவதாக முடிவானால் நோட்டையும் பணத்தையும் வந்து வாங்கிக்கொள்ளட்டும். இறங்கியதும் ஒரு சிம் கார்டு வாங்க ஆகும்.